பிரேக் ஆயில் கசிவு ஆய்வுக் குழு: ஒரு சாதனை வரலாறு

மனிதகுலத்தின் தலையாய கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். தவறு. சக்கரம் உருளும், உருண்டால் பள்ளத்தில் விழும். விழுந்த பிறகு அதைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு குழு வேண்டும். ஆகவே குழுதான் தலையாயது. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கோவை பழம்பெரும் ஜீப் பேரவையின் செயலாளர் வெங்கடபதி என்ற முறையிலும், அப்பேரவை அமைத்த 'பிரேக் ஆயில் கசிவு ஆய்வுக் குழு'வின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையிலும், மூன்றாண்டு அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் தலைவர் கோவிந்தராஜுலு. பீளமேட்டில் நூற்பாலை நடத்தியவர். இப்போது ஆலையை மருமகன் பார்க்கிறார். இவர் ஜீப்பைப் பார்க்கிறார். பார்க்க மட்டும்தான் செய்கிறார். ஓட்டுவது டிரைவர் சுப்பையன். ஜீப் அறுபத்திரண்டாம் வருடத்து மாடல். ரப்பரையும் ஆயிலையும் தவிர அதில் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. 'நூறு சதம் அசல்' என்ற சான்றிதழ் தலைவர் வீட்டு வரவேற்பறையில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், பெருமாளைவிடச் சற்றுப் பெரிய சட்டத்தில் தொங்குகிறது.

அந்த ஜீப்புக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. மாதம் இருமுறை பிரேக் ஆயில் ஒழுகும். பின்பக்க இடது சக்கரத்தின் உள்ளோரம் முதலில் வேர்க்கும். அப்புறம் சொட்டும். அப்புறம் சுப்பையன் பெடலை மிதித்தால் அது மிகுந்த பணிவோடு தரையைத் தொடும். வண்டி மட்டும் தன் போக்கில் போகும். அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஆயில் போக ஒரே வழி. ஒன்றில் ஒழுகினால் நாலும் 'கூண்டோடு ராஜினாமா'. ஒருமுறை எங்கள் அழைப்பிதழில் 'ஆயுள் உறுப்பினர்கள்' என்பதை அச்சகத்தார் 'ஆயில் உறுப்பினர்கள்' என்று போட்டுவிட்டார்கள். பொருத்தமாக இருந்ததால் திருத்தவில்லை.

முதல்முறை ஒழுகியபோது அனுபவக் குறைவால், குழு எதுவும் அமைக்காமலேயே வண்டியை உக்கடத்தில் சாஜிதா பேகத்தின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டோம். அந்த அம்மாள் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளே இருந்த வீல் சிலிண்டரைப் பிரித்து, அந்தச் சின்ன இரும்புக் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினார்.

"ஏனுங்க சார், நீங்களே உள்ள வெரல உட்டுப் பாருங்க. அம்மை வந்த மூஞ்சியாட்டக் குழி குழியா இருக்குது. ஆயில்ல தண்ணி சேந்து துருப் புடிச்சுப்போச்சு. ஆயில அடைச்சு நிறுத்தற ரப்பர் கப்பப் புதுசாப் போட்டாலும் இந்தக் குழி ரெண்டு வாரத்துல அதத் தின்னுபோடும். மறுபடியும் ஒழுகும். நாலு சக்கரத்துக்கும் சிலிண்டரையே மாத்திப்போடுங்க."

"எத்தன நாளு ஆகும் அம்மணி?" என்றார் தலைவர்.

"மத்தியானத்துக்குள்ள முடிச்சுப்போடலாமுங்க."

தலைவரின் முகம் வாடியது. செலவு அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. "புது சிலிண்டர் போட்டா ஒரிஜினல்ங்கறது போயிருமே."

"போகுமுங்க. ஆனா வண்டி நிக்குமுங்க."

பத்தே நிமிடத்தில் எடுத்த முடிவு எப்படிச் சரியாக இருக்க முடியும்? கூட்டம் இல்லை, தேநீர் இல்லை, தீர்மானம் இல்லை. ரப்பர் கப்பை மட்டும் மாற்றச் சொன்னோம். மாற்றிக் கொடுத்தார். ரசீதின் அடியில் 'இது ஒழுகும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சரியாக இரண்டு வாரத்தில் ஒழுகியது. எழுதியபடியே நடந்துவிட்டதால் அந்த அம்மாள்மீது எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

குழு பிறந்தது. ஒன்பது பேர். முதல் ஆண்டு, 'கசிவு' என்பது மனத்தைச் சோர்வடையச் செய்யும் சொல் என்று கண்டு, 'ஈரப்பத வெளிப்பாடு' என்று மாற்றினோம். இரண்டாம் ஆண்டு வாட்ஸ்ஆப் குழு தொடங்கினோம். அதில் இன்றுவரை காலை வணக்கம் தவறியதில்லை. இடையிடையே ரப்பர் கப்பும் மாற்றினோம். மூன்றாம் ஆண்டு தலைவரின் அண்ணன் பேரன் அபிலாஷ் பெங்களூரிலிருந்து வந்தார். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வது அவர் தொழில். எந்தச் சிக்கலானாலும் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்றார். சுப்பையனைக் கூட்டத்துக்கு அழைத்து நிற்கவைத்தோம்.

"முதல் ஏன். ஏன் பிரேக் பிடிக்கலை?" என்றார் அபிலாஷ்.

"ஆயில் இல்லீங்க தம்பி."

"ரெண்டாவது ஏன். ஏன் ஆயில் இல்லை?"

"ஒழுகிப்போச்சுங்க."

"மூணாவது. ஏன் ஒழுகுது?"

"சிலிண்டர்ல குழிங்க. அந்தம்மா அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க."

"நாலாவது. அப்ப ஏன் மாத்தலை?"

சுப்பையன் தலைவரைப் பார்த்தார். நாங்கள் ஒன்பது பேரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தோம்.

"அபிலாஷ், அஞ்சாவத அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்," என்றார் தலைவர்.

ஒத்திவைக்கப்பட்டது. நாலே கேள்வியில் ஒரு நிறுவனத்தை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டது இதுவே முதல்முறை என்று அபிலாஷ் எங்களைப் பாராட்டினார்.

பிறகு ஆண்டுவிழாப் பயணம் வந்தது. கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் மலை ஏறி இறங்கி, கோபிசெட்டிபாளையத்தில் வாழையிலைச் சாப்பாடு. அவரவர் ஜீப்பை அவரவர் டிரைவர் ஓட்ட, உறுப்பினர்கள் பழமையைப் போற்றும் விதமாக ஏ.சி. கார்களில் பின்தொடர்வது எங்கள் மரபு. புறப்படும்போது சுப்பையன் தலைவரிடம் வந்தார்.

"மொதலாளி, ஏறுறதுக்கு ஏறிப்போடலாமுங்க. எறங்கறதுதான் யோசனையா இருக்குது."

"பாத்து ஓட்டு சுப்பையா. சான்றிதழ் குடுக்கறவங்களும் வாராங்க."

இறங்கும் வழியில் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் பெடல் தரையைத் தொட்டது. எதிரே பேருந்து ஒன்று முக்கி முனகி ஏறி வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் ஆகாயம். சுப்பையன் கியரை இரண்டுக்கு இழுத்தார், வண்டி அலறியது. ஒன்றுக்கு இழுத்தார். ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்குகிற மாதிரி தூக்கினார். பிறகு ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். மண்சுவரை உரசிக்கொண்டே போய், முன்சக்கரம் மலையோர வடிகாலுக்குள் இறங்கி வண்டி நின்றது. பேருந்து ஒரு முழ இடைவெளியில் கடந்து போனது.

நாங்கள் பதறி ஓடினோம். தலைவர் மட்கார்டைத் தடவினார். "பெயிண்ட் பூரா அசலு," என்று கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். சுப்பையன் இறங்கி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாட்டில் வாய் அவர் பல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது. கூட்டக் குறிப்பில் இதை நான் சேர்க்கவில்லை. தொழில்நுட்ப முக்கியத்துவம் இல்லை.

விசாரணை நடந்தது. சுப்பையனின் வலது காலை ஒன்பது பேரும் பார்வையிட்டோம். கால் கனம் என்றும், 'மிதியில் மென்மை போதாது' என்றும் முடிவானது. அபிலாஷ் அவருக்கு 'விழிப்புணர்வு மிதி' என்று இரண்டு மணி நேரப் பயிற்சி கொடுத்தார்.

"கண்ண மூடி, மூச்ச இழுத்துப் பிடிங்க," என்றார்.

"எனக்கு மூச்சு புடிக்குதுங்க தம்பி. வண்டிக்குத்தான் பிரேக்கு புடிக்கல."

பயிற்சி முடித்ததற்கு அவருக்கும் ஒரு சான்றிதழ் தந்தோம்.

இந்தத் தை மாதம் தலைவரின் பேத்தி ஹாரிகாவுக்குக் கல்யாணம். கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையோடு தாத்தாவின் ஜீப்பில் வந்து இறங்கவேண்டும் என்பது பெண்ணின் ஆசை. இதற்கு இப்போது 'என்ட்ரி' என்று பெயர். கேமராவைப் பறக்கவிட்டெல்லாம் படம் பிடிப்பார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வண்டியைப் பார்க்க வந்த ஹாரிகா, துடைத்துக்கொண்டிருந்த சுப்பையனிடம் போகிறபோக்கில் கேட்டாள்.

"ஏனுங்க அண்ணா, பிரேக் எல்லாம் நல்லா புடிக்குமா?"

"அப்பப்ப புடிக்குமுங்க அம்மணி."

"அப்பப்பவா?"

சுப்பையன் முழங்கைத் தழும்பைக் காட்டி, திம்பத்தில் நடந்ததைச் சொன்னார். ஹாரிகா நேராக வீட்டுக்குள் போனாள். "தாத்தய்யா, பிரேக் இல்லாத வண்டில நான் ஏறமாட்டேன்," என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தலைவர் சாஜிதா பேகத்துக்குப் போன் செய்தார். நான் திடுக்கிட்டேன்.

"தலைவரே, குழுவக் கூட்டாம எப்படீங்க?"

"குழுவாவது மண்ணாவது, வெங்கடபதி. புள்ள ஏறுது."

மத்தியானத்துக்குள் முடிந்தது. நாலு புது சிலிண்டர், புது ஆயில். பழையவற்றை அந்த அம்மாள் செய்தித்தாளில் பொதிந்து கொடுத்தார். இந்த முறை ரசீதில் ஒன்றும் எழுதவில்லை.

கல்யாணத்தன்று ஜீப் மல்லிகைச் சரத்தோடு வந்து, சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில், கோடு போட்டதுபோல நின்றது. எல்லாரும் மணமக்களைப் பார்த்தார்கள். நான் எதேச்சையாக சுப்பையனைப் பார்த்தேன். காலைப் பெடலிலிருந்து எடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குமுன் வண்டி ஓட்டும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் தலைவர் செய்தித்தாள் பொட்டலத்தோடு ஷெட்டுக்கு வந்தார். நானும் கூடப் போனேன்.

"சுப்பையா, வண்டிய உக்கடத்துக்குக் கொண்டுபோய்ப் பழசையே மாட்டிட்டு வந்துரு. அடுத்த மாசம் சான்றிதழ் புதுப்பிக்கோணும்."

"நல்லா நிக்குதுங்களே மொதலாளி. எதுக்குங்க மாத்தோணும்?"

"ஹாரிகாதான் மாப்பிள்ள ஊட்டுக்குப் போயிட்டாளே. இனி அதுல யாரு ஏறப்போறாங்க?"

சுப்பையன் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். சாவியை பானெட் மேல் வைத்தார்.

"அப்ப இத்தன வருசமா இந்த வண்டி தானாவே ஓடுச்சுங்களா, மொதலாளி?"

குரலை உயர்த்தவில்லை. வாரேனுங்க என்று இருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். இப்போது உக்கடத்தில், சாஜிதா பேகம் பழுது பார்த்த வண்டிகளை ஓட்டிச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார்.

அவருடைய கேள்வியை ஆராய அன்று மாலையே குழு அவசரமாகக் கூடியது. தீர்மானத்தை எழுதியது நான், கையெழுத்தும் என்னுடையதே. அசல் தன்மைக்குச் சிறிதும் பங்கம் வராமல் மாற்றக்கூடிய பாகம் அந்த ஜீப்பில் ஒன்று உண்டு என்று ஒருமனதாகக் கண்டறிந்தோம். புது டிரைவர் வேண்டுமென்று நாளிதழில் விளம்பரம் கொடுத்திருக்கிறோம்.