நேர்கோடு எழுதவில்லை

ஐம்பத்திரண்டு மணி நேரமாக 'நேர்கோடு' ஒன்றும் எழுதவில்லை.

அவள் பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டே இன்னொரு முறை போனைப் பார்த்தாள். 'நலம் நாடுவோர்' இணையக் குழுவில் வழக்கம்போல அடிதடி நடந்துகொண்டிருந்தது. கடவுள் உண்டா, அடுத்த ஆட்சி யாருடையது, காய்ச்சல் தடுப்பூசி தேவையா. மூன்றுக்கும் அதே ஆட்கள், அதே கோபம். அவர் மட்டும் இல்லை.

நேர்கோடு தடுப்பூசிக்குப் பரம எதிரி. குழுவில் 'சோதனைக்குழாய்' என்ற பெயரில் இருந்த அவள் தடுப்பூசிக்கு வக்கீல். பதினொரு மாதமாகத் தினமும் சண்டை. காலை ஆறரைக்கு அவர் எழுதுவார். முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக. கடைசியில் 'இத்துடன் முடித்துக்கொள்கிறேன்' என்பார். முடித்துக்கொண்டதே கிடையாது. அவள் பல் தேய்த்தபடியே பதில் அடிப்பாள். ஒருமுறை தனக்கு ஜலதோஷம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாள். மறுநாள் அவர் மூன்று பத்தி கண்டித்துவிட்டு, 'நான்காவதாக, வெந்நீர் குடிக்கவும்' என்று எழுதியிருந்தார்.

அந்த நடை யாருடையது என்று அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவளுடைய பள்ளிக்கூட லீவு லெட்டரிலும் முதலாவதாக, இரண்டாவதாக என்றுதான் இருக்கும்.

நேர்கோடு அவளுடைய அப்பா.

சோதனைக்குழாய் யார் என்று அப்பாவுக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். நேரில் பேச்சு நின்று பத்தொன்பது மாதம் ஆகிறது. அதுவும் இந்த ஊசியால்தான். மூச்சிரைப்புக்காரர். ஒரு சாதாரணக் காய்ச்சலே போதும். சாப்பாட்டு மேசையில் முதலில் கெஞ்சினாள், பிறகு அதட்டினாள், பிறகு அழுதாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அப்பா தட்டிலிருந்து தலை தூக்காமல், "கதவைச் சாத்திட்டுப் போ, கொசு வரும்" என்றார். சாத்திவிட்டு வந்தாள். வேறு ஊரில் வேலை, மகளிர் விடுதியில் ஒரு கட்டில். அவர் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். அவள் கூப்பிடட்டும் என்று அவரும் இருந்திருக்க வேண்டும்.

அம்மா இல்லாத வீடு. அவருக்கு ஏதாவது என்றால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்ததுமே அவளுக்குச் சீட்டு கோணலாக ஒட்டியது.

அப்பாவை வரவழைக்க ஒரு வழி இருந்தது. நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். தப்புக் கணக்கைப் பார்த்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும். சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையில் தேதிக்குக் கிழமை மாறியிருந்ததைச் சிவப்பு மையில் திருத்தி, திருப்பி அனுப்பியவர். அவள் குழுவில் எழுதினாள்: 'நாற்பது பேரில் எட்டுப் பேர் என்றால் முப்பது சதவீதம்.'

ஐம்பத்து நாலு பேர் திருத்தினார்கள். எல்லாரும் அவள் கட்சிக்காரர்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டினவளா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். அப்பா வரவில்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்ததை எழுதினாள். 'நேர்கோடு அவர்களே, நீங்கள் சொன்னதே சரி. நான் தோற்றேன்.' ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தும் வராமல் இருக்க அப்பாவால் முடியாது.

அப்பாவைத் தவிர எல்லாரும் வந்தார்கள். எதிர்க்கட்சி அதைப் படம் பிடித்து, 'விஞ்ஞானம் மண்டியிட்டது' என்று தலைப்புப் போட்டு ஊரெல்லாம் அனுப்பியது. சாயந்திரத்துக்குள் சர்க்கரை பார்க்க வந்த ஒரு பெரியவர் கவுண்டரில் போனை நீட்டினார். ஊசி வேண்டாம் என்று உங்கள் லேபே சொல்லிவிட்டதாமே என்றார். அவள் தன் முகத்துக்குப் பதிலாக வைத்திருந்த மைக்ரோஸ்கோப் படத்தின் ஓரத்தில் லேப் பெயர் பளிச்சென்று இருந்தது. அதை அவள் பதினொரு மாதமாகக் கவனிக்கவில்லை. நுண்ணியதைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

பயந்துபோய், எழுதியதை அழித்தாள். அழித்ததும் மற்றவர்களின் சந்தேகம் இன்னும் பெரிதானது. யாராவது சோதனைக்குழாயைக் கண்டித்து எழுதினால் தேவலை என்று தோன்றியது. யாரும் சரியாகக் கண்டிக்கவில்லை. அவளே 'உண்மை விளம்பி' என்று இன்னொரு கணக்கு தொடங்கி, சோதனைக்குழாயைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். ஊசியின் நன்மைகளை வரிசையாகச் சொல்லி, இடையில் நேர்கோட்டையும் நாலு குத்து குத்தினாள். அப்பாவுக்கு ரோஷம் வரும்.

முந்நூறு பேர் கைதட்டினார்கள். உண்மை விளம்பியே இனி நம் தலைவர் என்றார்கள். சோதனைக்குழாய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான் என்று அவளும் உருக்கமாக ஒரு மன்னிப்பை எழுதி அனுப்பினாள்.

அது உண்மை விளம்பியின் பெயரில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது. பதினொரு மாதத்தில் அப்படி நடந்ததில்லை. பிறகு ஒருவர் எழுதினார்: 'ஏன் தாயி, கண்ணாடி முன்னாடி நின்னு சண்டை போடுறீங்களா?'

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். நல்ல மனிதர், திட்டக்கூட வராது. "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கம்மா" என்றார். "நீயும் நீயும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறமா ஒரே ஆளா வா."

படிக்கட்டில் உட்கார்ந்து, பத்தொன்பது மாதத்தில் முதல் தடவையாக அப்பாவின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைத்தால் மறுபடி உயிர் வராது என்று பயந்து போனை அணைக்கவே அணைக்காதவர் அப்பா.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அப்பாவின் பழைய பதிவுகளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் தப்பு இருந்தது. ஒவ்வொன்றையும் இன்னொரு தடவை அவர் வாயால் கேட்டால் போதும் என்றிருந்தது.

வீடு பூட்டியிருந்தது. செருப்பு இல்லை. பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. தெருமுனையில் சுகாதார நிலையம் மட்டும் திறந்திருக்க, உள்ளே ஓடினாள். நர்ஸம்மா பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஊரை விட்டுப் போன பிறகு வந்தவள். அந்த அளவையர் சாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

கண்புரை ஆபரேஷன், நல்லபடியாக முடிந்தது, ஒரு வாரம் போனைத் தொடக்கூடாது என்று டாக்டரே அணைத்துக் கொடுத்துவிட்டார், இன்று கட்டுப் பிரிக்கப் போயிருக்கிறார், மதியம் வந்துவிடுவார் என்றாள் நர்ஸம்மா. போனைக் கேட்டு ஆஸ்பத்திரியில் ஏக ரகளையாம்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை விடுவதாக இல்லை என்று நினைத்தாள்.

"சிஸ்டர், காய்ச்சல் தடுப்பூசி ஒண்ணு எடுத்து வைக்க முடியுமா? அவருக்கு மூச்சிரைப்பு இருக்கு. இதுவரைக்கும் போட்டுக்கவே இல்ல. கையைக் காலைப் பிடிச்சாவது நான் கூட்டிட்டு வரேன். நான் அவர் மக."

நர்ஸம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது? நான் வந்ததுலேர்ந்து வருஷா வருஷம் மொத ஆளா வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போறவரும்மா உங்க அப்பா. 'வெளியில மட்டும் சொல்லிடாதம்மா, தெரிஞ்சா என் பொண்ணு தினமும் எனக்கு எழுதறதை நிறுத்திடுவா'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."