மாட்டைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை

எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் என்னால் இருக்க முடியாது. காஸை மூடினேனா என்று பாதிப் படி இறங்கிய பிறகு திரும்பி ஏறுவேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய், பூட்டினேனா என்று யோசிப்பேன். பிள்ளை நித்திரையானால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். (அதனாலேயே பிள்ளை எழும்பிவிடும்.) இருபத்தாறு வயதில் நான் சந்தேகப்படாமல் செய்த காரியம் ஒன்றே ஒன்று. அது மாடு சம்பந்தப்பட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸின் லாச்சப்பல்லில் அப்போது தமிழ்க் கடைகள் ஒன்றிரண்டுதான். முருங்கைக்காய் வந்திறங்கினால் அந்தச் செய்தி மெட்ரோவைவிட வேகமாகப் போகும். நாங்கள் ஐந்தாம் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். என் கணவர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மகள் கவிதாவுக்கு இரண்டு வயது. நானும் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் எங்கே போய்க் கேட்டாலும், "பிள்ளையை எங்கே விடுவாய்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

மதாம் ரஷேல் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. "உன்ரை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். (அவர்கள் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் மூளை அன்று அப்படித்தான் கேட்டது.) அந்த ஒரு வசனத்துக்காக அவர் வீட்டுப் படிக்கட்டை நாக்கால் துடைக்கச் சொன்னாலும் துடைத்திருப்பேன்.

அவர்கள் துனீசியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். வீடு ஸ்தாலின்கிராத் மெட்ரோ நிலையம் தாண்டி, நடந்து போகும் தூரம். அவர்களின் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, மாலைவரை பார்த்து, சமையலறையில் உதவ வேண்டும். பையன் பெயர் சமுவேல், ஆறு வயது. வீட்டில் 'சாமி' என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டதிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

மீதிப் பயத்துக்குக் காரணம் மதாமின் மச்சாள், போலெத் மாமி. முசியேயின், அதாவது மதாமின் கணவரின், அக்கா. மச்சாள்மார் எந்த மதத்திலும் மச்சாள்மார்தான். "பிள்ளை பாக்க எங்கடை ஆக்களிலை ஒருத்தியும் கிடைக்கேல்லையோ?" என்று நான் தேநீர் வைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டவர். நான் ஒரு பிழை விட்டால் போதும். வேலை போய்விடும். கவிதாவையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய இன்னொரு வேலை பாரிஸ் முழுவதிலும் கிடையாது. இது எனக்கு மனப்பாடம்.

அதனால் அந்த வீட்டில் நான் பிழையே விடவில்லை. பால் சாமான் கழுவும் தொட்டி வேறு, இறைச்சிச் சாமான் கழுவும் தொட்டி வேறு என்று மதாம் ஒருமுறைதான் சொன்னார். இரண்டாம் முறை சொல்ல நான் விடவில்லை.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் தங்கள் வேதத்தை வருடம் முழுவதற்குமாகப் பங்கு பிரித்து, கிழமைக்கு ஒரு பகுதி வாசிக்கிறார்கள். சாமி புதன்கிழமைகளில் போகும் வேதவகுப்பில் அந்தக் கிழமைப் பகுதியை வைத்து ஒரு தாள் கொடுப்பார்கள். படப்புதிர்கள், கீழே விடுகதைகள். ஒரு கிழமை பெருவெள்ளத்தில் மிதக்கும் பேழைக்குள் ஒளிந்திருக்கும் மிருகங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு கிழமை நாணல்களுக்கு ஊடாகக் கோடு கீறிக்கொண்டு போய் மோசேயின் கூடையை அடைய வேண்டும். வெள்ளி இரவு சாப்பாட்டு மேசையில் முசியே அந்த விடுகதைகளைக் கேட்பார். சரியாகச் சொன்னால் ஒரு பேரீச்சம்பழம். பழம் முழுவதையும் எப்போதும் வெல்பவள் போலெத் மாமியின் மகள் மிரியாம். எட்டு வயது, எதையும் தெரியாது என்று சொல்லாத பிள்ளை. (நான் சின்ன வயதில் அப்படித்தான் இருந்தேன் என்பதால் அவளை எனக்குப் பிடிக்காது.)

ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மதாம் மாவு பிசைந்த கையோடு வந்தார்.

"வாணி, இவன்ரை தாள் அப்பிடியே கிடக்குது. விளக்கு ஏத்தி ஓய்வுநாள் தொடங்கினாப் பிறகு எழுதக் கூடாது. நீ படிச்சனிதானே, கொஞ்சம் சொல்லிக் குடு. இண்டைக்காவது இவன் வெல்லட்டும். போலெத்தும் வாறா. நீயும் நிண்டு பரிமாறிவிட்டுப் போ."

நான் உயர்தரத்தில் விலங்கியல் படித்தவள். தாளைப் பார்த்தால் முழுக்க மிருகங்கள். "உண்ணக் கூடியவற்றுக்கு வட்டமிடுக. உண்ணக் கூடாதவற்றை வெட்டுக." கடவுளே எனக்காக அனுப்பிய தாள் என்று நினைத்தேன்.

முதலில் பன்றி. முஸ்லிம்களைப் போல இவர்களும் தொடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெட்டு. ஒட்டகம்: யார் சாப்பிடுவார்கள்? வெட்டு. கழுகு: பெருமாளின் வாகனத்துக்குச் சொந்தம். வெட்டு. ஆடு, கோழி, மீன்: வட்டம், வட்டம், வட்டம். நண்டுக்கு வட்டம் போடும்போது எனக்கு வாயூறியது.

"இதைச் சாப்பிடலாமோ?" என்றான் சாமி. அவன் நண்டைக் கண்டதில்லை.

"நல்லாச் சாப்பிடலாம். மிளகு கூடப் போட்டு ரசம் வைச்சால் தடிமன் பறந்திடும்."

கடைசியில் மாடு. யோசிக்கவேயில்லை. இரண்டு கோடு போட்டு வெட்டச் சொன்னேன்.

"ஏன் ரெண்டு கோடு?"

"மாடு எங்களுக்குப் பால் தாறது. பால் தாறவ அம்மா. அம்மாவை ஆரும் சாப்பிடுவினமோ?"

சாமி கண்ணை அகல விரித்து, இல்லை என்று தலையாட்டினான். அந்தப் பிள்ளையின் இளகிய மனத்தைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். அந்த வீட்டில் சமைக்கும் இறைச்சி என்னவென்று நான் கேட்டதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஆடு என்று நம்பியிருந்தேன். (நம்ப வேண்டியிருந்தது. கேட்டால் விடை வந்துவிடும்.)

பொழுது சாய்ந்தது. மதாம் விளக்கேற்றினார். கவிதா உள்ளறையில் நித்திரை. போலெத் மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். முசியே திராட்சை இரசத்தின் மேலும் பாணின் மேலும் செபம் சொன்னார். பிறகு தாளைக் கையில் எடுத்தார்.

"என்ரை குளம்பு ரெண்டாப் பிளந்திருக்குது. ஆனால் அசைபோட மாட்டன். நான் ஆர்?"

"பன்றி!" என்றான் சாமி, மிரியாம் வாய் திறக்குமுன். ஒரு பேரீச்சம்பழம். மதாம் சமையலறைக் கதவடியில் நின்ற என்னை நன்றியோடு பார்த்தார். அந்த அரை நிமிடம்தான் என் உத்தியோக வாழ்க்கையின் உச்சம்.

"கடலிலை இருக்கிறன். செட்டையும் இல்லை, செதிலும் இல்லை. என்னைத் தட்டிலை போடலாமோ?"

"போடலாம்!" என்று சாமி கதிரையில் ஏறி நின்றான். "மிளகு கூடப் போட வேணும்! தடிமன் பறந்திடும்!"

மிரியாம் மட்டும் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். முசியே தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். நண்டுக்கு வட்டம். மாட்டுக்கு இரட்டை வெட்டு. இரண்டும் அவர்கள் வேதத்துக்கு நேரெதிர்.

"மாட்டை ஏன்ரா வெட்டினனி?"

அந்த நேரம் பார்த்து நான் பெரிய பாத்திரத்தோடு உள்ளே வந்திருந்தேன். ரவைபோல அவித்த குஸ்குஸ்ஸுக்கு மேலே, காலையிலிருந்து கொதித்த இறைச்சி உருண்டைகள். சாமி அதை எட்டிப் பார்த்தான்.

"அதுக்குள்ளை என்ன?"

"மாடுதான், விசரா" என்றாள் மிரியாம். "ஒவ்வொரு கிழமையும் அதுதானே!"

தட்டில் இருப்பதும் வயலில் நிற்பதும் ஒன்றுதான் என்று அவனுக்கு ஆறு வருடமாக ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவன் பாத்திரத்தைப் பார்த்து "அம்மா!" என்று அலறினான்.

மதாம் ஓடிவந்தார். "என்னடா குஞ்சு, இஞ்சைதானே நிக்கிறன்?"

"நீயில்லை!" என்று அவரைத் தள்ளிவிட்டுப் பாத்திரத்தைக் கட்டிப்பிடிக்க வந்தான். "அம்மாவைச் சாப்பிடாதேங்கோ!" என்று அழுதான். அவன் அழ, விஷயம் தெரிந்த மிரியாமும் சேர்ந்து அழத் தொடங்கினாள். சத்தத்தில் உள்ளறையில் கவிதா எழும்பி, தன் பங்குக்கு அழுதாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கண்டுபிடிப்பைவிட மோசமான கண்டுபிடிப்பு அது. வியாழக்கிழமைகளில் மதாம் எனக்கென்று எடுத்துவைத்த உருண்டைகள். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய உருண்டைகள். நாலு மாதமாக.

"ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்று முசியே கேட்டார்.

சாமி நேர்மையான பிள்ளை. கையை நீட்டினான்.

"நான் அப்பவே சொன்னன்" என்றார் போலெத் மாமி. (இந்த வசனத்துக்கு எந்த மொழியிலும் அதே ராகம்தான்.) பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்திரத்தை வை. இப்ப சொல்லு பாப்பம். உங்கடை வீட்டிலை என்னென்ன சாப்பிட மாட்டியள்?"

வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். போகிறவள் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"மாடு இல்லை. வெள்ளிக்கிழமையில மச்சம் ஒண்டும் இல்லை, இறைச்சி, மீன், முட்டைகூட இல்லை. கந்தசட்டிக்கு ஆறு நாளும் இல்லை. செத்தவீடு எண்டால் முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் இல்லை…"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று இடைமறித்தார் மாமி.

"ஓம். அதுதான் நான் இண்டைக்கு இஞ்சை ஒண்டும் சாப்பிடேல்லை."

மதாம் மெல்ல, "என்ரை வெள்ளிக்கிழமைச் சமையல்தான் பிடிக்கேல்லை எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

போலெத் மாமி அவரைக் கவனிக்கவில்லை. "சட்டி?"

"மச்சம் காய்ச்சிற சட்டி வேறை. மரக்கறிச் சட்டி வேறை."

"கழுவிறது?"

"கழுவிறதும் வேறை வேறையாத்தான்."

(இது யாழ்ப்பாணத்தில் என் அம்மா வீட்டு நிலவரம். லாச்சப்பல் அறையில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சட்டி. அதை அவர் கேட்கவில்லை.)

போலெத் மாமி முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு மச்சாளிடம் திரும்பினார்.

"ரஷேல், உவளை விட்டிடாதை. முந்தி நிண்டவள் எல்லாத்தையும் எல்லாத்துக்குள்ளையும் போட்டுக் கிண்டினவள். இவளுக்குச் சாப்பிடக் கூடாதது எண்டு ஒண்டாவது இருக்குது. என்னதெண்டு மாறிப் போச்சு, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் உந்தத் தாளிலை இனி இவள் கை படக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார்.

முசியே அப்போதுதான் சிரித்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணிலும் தண்ணீர் வந்திருந்தது. சாமி அன்று குஸ்குஸ்ஸும் கரட்டும் மட்டும் சாப்பிட்டான். நான் கவிதாவைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

கணவர் வந்து பாயில் சாய்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை தப்பியதைச் சொன்னபோது மனுசன் பெருமூச்சு விட்டது. உருண்டைகளைச் சொன்னபோது எழுந்து உட்கார்ந்தது.

"என்னப்பா சொல்லுறீர்? நாலு மாசமா நீரும் அம்மாவைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்?"

"தெரியாமல்தானே!"

"ருசி எப்பிடி?"

நான் காஸை மூடினேனா என்று பார்க்க எழுந்து போனேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாட்டிறைச்சிக்கு 'அம்மா' என்று பெயர். மதாம் வீட்டிலும் அப்படித்தானாம்.

வேலை சாமி பெரிய பள்ளிக்குப் போகும்வரை நீடித்தது. கவிதா அந்த வீட்டில்தான் பிரெஞ்சு பேசப் பழகினாள். இப்போது சாமிக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அன்று முதல் இன்றுவரை அவன் மாட்டிறைச்சி தொட்டதில்லை. அவன் கல்யாணத்தில் கல்யாணச் சாப்பாடே கோழிதான். போலெத் மாமி உயிரோடு இருந்தவரை, அதற்கு நான்தான் பொறுப்பு என்று சனங்களுக்கு என்னைக் காட்டிக் காட்டி அறிமுகம் செய்தார்.

போன வருடம் சாமி எங்களைப் பார்க்க வந்திருந்தான். கவிதாவும் வேலையிலிருந்து நேரே வந்தாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"கந்தீனிலை அம்மாதான். கொஞ்சம் இரத்தத்தோடை" என்றாள்.

சாமி முகத்தைச் சுளித்து, என் மரக்கறிக் குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கணவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீர் பாடம் நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறீரப்பா" என்றார். "பிள்ளைதான் மாறிப் போச்சு."