சூரிய அடுப்பில் ஒரு பெண் பார்க்கும் படலம்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் கொடுத்தால் போதும். அறிவைக் கொடுக்கக் கூடாது. இதை நான் செலண்டாரில் எங்கள் வீட்டு வாசலில் கற்றுக்கொண்டேன்.

அறிவியல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிது. (உலகத்தைத் திருத்த ஒரு வாரம் போதும் என்று நினைத்திருந்த காலம்.) கூரையிலிருந்து கழற்றிப் போட்ட டிவி டிஷ் முழுக்க அலுமினியத் தாளை ஒட்டி, வெயிலைக் குவித்துத் தண்ணீர் கொதிக்கவைக்கும் அடுப்பு ஒன்று செய்திருந்தேன். அலோர் காஜாவிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில்தான் தேநீர் என்றும் அறிவித்துவிட்டேன்.

"கேஸ் அடுப்பு என்னாடி பாவம் பண்ணுச்சு?" என்றார் அம்மா.

மாப்பிள்ளை சரவணனும் அவருடைய பெற்றோரும் வந்தார்கள். அவருடைய அப்பா புதுக் காரைச் சுவரோரம் நிறுத்தி, கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் திரும்பினார். நான் டிஷ்ஷின் கம்பியில் பாத்திரத்தைத் தொங்கவிட்டு விளக்கவுரை ஆற்றினேன். அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. தண்ணீர் குளிக்கிற பதத்துக்குக்கூடச் சூடாகவில்லை. அம்மா கண்ணாலேயே என்னை உள்ளே இழுத்தார். பாத்திரத்தைக் கீழே வைத்து, டிஷ்ஷைக் கார் நின்ற சுவரில் சாய்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கேஸ் அடுப்புத் தேநீரை ஏந்தி வந்தேன்.

வெளியே மேகம் விலகியதை யாரும் கவனிக்கவில்லை.

"பிளாஸ்டிக் கருகுற வாடை வருது லா," என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார்.

டிஷ் குவித்த வெயில் நேராகக் காரின் கறுப்புப் பம்பரில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது. ஒரு கை அகலத்துக்குப் பம்பர் இளகி, அழப்போகும் குழந்தையின் உதடு மாதிரித் தொங்கியது. ஓடிப்போய் அந்த வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன்.

"சீரோட புது பம்பரும் சேத்துக் குடுத்துடறோங்க," என்று அம்மா பதறினார்.

சரவணன் குனிந்து பார்த்தார். "தண்ணிதான் கொதிக்கல. பம்பர் நல்லா வெந்துருச்சு."

அவருடைய அம்மா சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. டிஷ்ஷை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வெயில் இருந்திருந்தா நெஜமாவே கொதிச்சிருக்குமாம்மா?"

"கொதிச்சிருக்கும் அங்கிள்," என்றேன்.

"அப்ப இன்னொரு தடவை வை, பாப்போம்," என்றவர், முதலில் காரைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார்.

அன்று எல்லாரும் சூரியன் போட்ட, பால் சேர்க்காத தே-ஓ குடித்தோம். அடுத்த தைப்பூசத்துக்கு நான் சரவணனின் மனைவியாகக் கோயிலுக்குப் போனேன்.

பம்பரை மாற்ற மாமனார் இன்றுவரை சம்மதிக்கவில்லை. பாசாரில் காய்கறி வாங்கப் போகும்போது யாராவது அதைப் பார்த்துவிட்டு, "யாரு அங்கிள் மோதுனா?" என்று கேட்டால், அவர் பெருமையாகச் சொல்கிறார்:

"மோதல லா. மருமக டீ போட்டா."