தண்ணீருக்கு அடியில் ஒரு கால்பந்து அணி

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெண்கள் கால்பந்து அணி விடாமல் தோற்றுவந்தது. பந்து எப்போதும் இடது பக்கமாகவே கோலுக்குள் போனது. கோல்கீப்பர் என் மகள். "நான் பாய்ஞ்சேன்பா, பந்துதான் நிக்கல" என்பாள். ஆட்டத்தைப் படம் பிடித்துக் காட்டினால் தப்பு எங்கே என்று விளங்கும் என விளையாட்டு டீச்சர் ஒரு சின்ன வீடியோ கேமரா கேட்டார்.

நியாயமான கோரிக்கை என்பதால் உடனே உயர்மட்டத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. ஆட்டம் தெரிந்தவர்கள் பாரபட்சம் காட்டக்கூடும் என்பதால் டீச்சர் அதில் சேர்க்கப்படவில்லை.

பல கேமராக்களைத் தீர ஆராய்ந்த குழுவின் தலைவர், அதாவது தலைமையாசிரியர், தண்ணீருக்கு அடியில் படம் பிடிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"சார், நாங்க தரையிலதானே விளையாடுறோம்?" என்றார் டீச்சர்.

"மழை பெய்யாதா?"

"பெஞ்சா ஆட்டத்தை நிறுத்திடுவோம் சார்."

"அதனாலதான் தோக்குறீங்க."

கேமரா வந்தது. கெட்டுவிடக் கூடாதென்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பின்னாலேயே தணிக்கை அதிகாரியும் வந்தார்.

"தண்ணிக்குள்ள எடுக்குற கேமரா வாங்கியிருக்கீங்க. சரி, தண்ணி எங்கே?"

தலைமையாசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கியது தவறு என்றாகிவிடும். நீச்சல்குளம் கட்டிவிட்டால் அதுவே தொலைநோக்கு. முன்வைத்த காலைப் பின்வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. பள்ளியில் சும்மா கிடந்த ஒரே இடம் கால்பந்து மைதானம்தான். இயந்திரம் வந்து கோல் கம்பங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தோண்ட ஆரம்பித்தது.

அன்று என் மகள் சாப்பிடவில்லை. "இனிமே நாங்க எங்கப்பா விளையாடுறது?"

பெற்றோர் நாங்கள் கொதித்துப்போனோம். 'ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது' என்று கூட்டமாகக் கிளம்பினோம். அன்றைக்கென்று பார்த்துப் பள்ளத்துக்குத் திறப்பு விழா. தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. கேமரா வெளியே வந்துவிட்டது.

"வாங்க வாங்க, எல்லாரும் இப்படி வரிசையா நில்லுங்க!" என்றார் தலைமையாசிரியர்.

நின்றோம். டீச்சர் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் பந்து உதைக்கப் போய்விட்டார்.

மறுவாரம் அரங்கில் திறப்பு விழாவில் எடுத்த படத்தைத் திரையிட்டார்கள். பார்த்து முடித்த கையோடு, கட்சி பேதமின்றி ஒன்றுகூடி நாங்கள் எங்கள் கடுங்கண்டனத்தைத் தெரிவித்தோம். பின்வரிசையில் நின்றவர்களின் முகம் சரியாக விழவில்லை. திறப்பு விழாவை இன்னொரு தடவை நடத்தியே ஆகவேண்டும்.