இரண்டாம் வடிகாலில் துத்தநாகம்

அன்பு மகள் லோரீனுக்கு, மின் நிலையத்து மழைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தே உன்னை ஆளாக்கிய அப்பா எல்பர்ட் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உன் உடம்பும் நர்சிங் படிப்பும் நலமாக இருக்கக் கர்த்தர் துணை. உன் போன கடிதத்தில் என் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வரியும் என்னோடு வேலை செய்கிற ரஸ்ஸல் ஹோப்லியைப் பற்றி நான்கு வரிகளும் இருந்தன. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

விஷயம் என்னவென்றால், எங்கள் நிலக்கரி மேட்டிலும் கூரைகளிலும் பெய்கிற மழை இரண்டு வடிகால்கள் வழியாக ஓஹையோ ஆற்றுக்குப் போகிறது. முதலாவது ஹோப்லியின் பொறுப்பு, இரண்டாவது என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மழைத் தண்ணீர் ஓடத் தொடங்கிய அரை மணிக்குள் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். வந்து ஒன்பதே மாதமான ஹோப்லியின் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் போல வருகிறது. என் தண்ணீரில் மூன்று தடவையும் துத்தநாகம் வரம்புக்கு மேல். நான்காவது தடவையும் இப்படி வந்தால் இரண்டு வடிகாலையும் அவனிடம் கொடுத்துவிட்டு என்னைக் கரி இறக்கும் இடத்துக்கு அனுப்புவதாக மேலாளர் ப்ரூயிட் மேடம் சொல்லிவிட்டார்.

பொறாமை என்று நினைத்துவிடாதே. அவன் மஞ்சள் பூட்ஸ் போட்டிருந்தான், நானும் வாங்கினேன், அரை அளவு சின்னதாகப் போய்விட்டது. அவன் குனிந்து ஏதோ முணுமுணுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்து நானும் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிப் பிடித்தேன், துத்தநாகம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் என் வடிகால் பக்கத்துக் கூரைத் தகடுதான் காரணம், நான் உத்தமன் என்று காட்டுவதற்காக, நான்காவது மழைக்கு நாங்கள் இடம் மாறிக்கொள்கிறோம் என்று நானே மேடத்திடம் கேட்டு வாங்கினேன். முடிவு வந்தது. அவன் வடிகாலில் நான் பிடித்த தண்ணீரில் துத்தநாகம். என் வடிகாலில் அவன் பிடித்தது பளிங்கு. பத்தொன்பது வருடம் நான் காவல் இருந்த வடிகால், ஒரே நாளில் நாய்க்குட்டி மாதிரி அவனிடம் ஒட்டிக்கொண்டது.

மேடம் சிரிக்காமல் சொன்னார்: "வடிகால் மேல தப்பில்லைன்னு நீங்களே நிரூபிச்சுக் குடுத்துட்டீங்க, எல்பர்ட்."

அப்போது ஹோப்லி, நான் எதில் தண்ணீர் மொள்கிறேன் என்று கேட்டான். போன குளிர்காலத்தில் பிளாஸ்டிக் குவளை விரிசல் விட்டதும் கோழித் தீவனக் கடையில் பளபளவென்று ஒரு வாளி வாங்கினேன், ஒவ்வொரு மழைக்கும் முன்னால் அதைக் கம்பி பிரஷ்ஷால் மூன்று தடவை தேய்க்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அண்ணே, அது துத்தநாகம் பூசின வாளி. நீங்க தேய்க்கத் தேய்க்க அதுதானே தண்ணில இறங்கும்?"

நான் கரி வண்டிகளை மனதில் எண்ணத் தொடங்கிவிட்டேன். அவனோ மேடம் பக்கம் திரும்பி, "வாளிய மாத்துங்க மேடம், அண்ணனை மாத்தாதீங்க. எந்த மழைக்கு எந்த இடம் அடைச்சுக்கும்னு அவருக்குத்தான் தெரியும்" என்றான். வேலை பிழைத்தது, அடுத்த மழையில் நான் மறுபடி பிடித்துக் கொடுக்க வேண்டும். போதாததற்குத் தன்னிடம் கூடுதலாக இருந்த குவளையையும் கொடுத்தான். ஏளனம் செய்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வசதியையும் பிடுங்கிக்கொண்டான். சரி, இனி எனக்கு அவன்மேல் துளியும் பொறாமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, கர்த்தர் உன்னை நடத்துவாராக.

இப்படிக்கு,
வாளியை இழந்து வேலையைக் காத்த அப்பா,
எல்பர்ட் ஸ்டக்கி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. புதுக் குவளையோடு ஓடி, தொப்பலாக நனைந்து, முதல் ஆளாகப் பிடித்தேன். போன மழை நின்று எழுபத்திரண்டு மணி நேரம் காய்ந்திருக்க வேண்டும் என்பது விதி, எழுபத்தொன்றுதான் ஆகியிருந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டு வந்தேன். ஹோப்லி அவன் வீட்டில் காய்ந்த காலுறையோடு உட்கார்ந்து, என்னைப் போக வேண்டாம் என்று சொல்ல நம் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். "உங்க மேல எவ்வளவு அக்கறை பாருங்க" என்று உன் அம்மா இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஆகவே மேலே பொறாமை இல்லை என்று எழுதிய இடங்களையெல்லாம் பேனாவால் அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை விருந்தை மட்டும் அடிக்க வழியில்லை. இனிப்புக்கு ஆப்பிள் பை சுடவா, செர்ரி பை சுடவா என்று உன் அம்மா அவனிடம் கேட்டுவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் என்னிடம் கேட்டதில்லை.