இரண்டு மணி ஆட்டமும் நட்சத்திர மேனேஜரும்

இப்போதெல்லாம் ஒருவனுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரிந்தால் போதும், உடனே அவனை வேறு வேலையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். பல் பிடுங்குகிற டாக்டர் சர்ச் கூரை கமிட்டிக்குத் தலைவர். பாட்டு நன்றாகப் பாடினவர் பார்க்கிங் பொறுப்பாளர். ஏன் என்று கேட்டால் 'லீடர்ஷிப்' என்கிறார்கள். நான் ஆறாவதோடு நின்றவன். தூத்துக்குடியில் முப்பது வருஷம் உப்பு லாரி ஓட்டினவன். லாரியை லாரி தெரிந்தவன்தான் ஓட்ட வேண்டும் என்பது என் கட்சி. என் அறிவு அமெரிக்காவுக்குப் போதாது என்று பல பேர் அன்போடு சொல்லிவிட்டதால், 1986-இல் நியூ ஜெர்சி மாநிலம் பார்சிப்பனியில் மனித குலம் கண்ட மாபெரும் முன்னேற்றத்தைத் தகுந்த மரியாதையோடு எழுதுகிறேன். அந்த வருஷம்தான் பார்சிப்பனி தமிழ்க் கால்பந்துக் கழகத்துக்கு ஒரு நட்சத்திரம் மேனேஜராக இறங்கி வந்தது.

கழகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் கம்பெனியிலும் மருந்துக் கம்பெனியிலும் வேலை பார்க்கிற பதினைந்து பேர். ஞாயிற்றுக்கிழமை கவுண்டி லீக்கில் ஆடுவார்கள், தோற்பார்கள், டிபன் சாப்பிடுவார்கள். என் மகன் ஐசக் கோல் கீப்பர். வாரம் முழுக்க அவனும் மருமகள் யூனிஸும் வேலைக்குப் போய்விட, நான் அபார்ட்மென்டில் டெலிவிஷனோடு உட்கார்ந்திருப்பேன். அது பேசும், என்னோடு பேசாது. ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில்தான் நாலு பேர் என்னிடம் தமிழில் "சாப்டீங்களா அங்கிள்?" என்று கேட்பார்கள். அதனால் கழகம் தோற்பது பற்றி எனக்குக் கவலையில்லை. கழகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. லீக்கில் ஒரு விதி உண்டு. ஆட்ட நேரம் தாண்டிக் கால் மணிக்குள் குறைந்தது ஏழு பேர் மைதானத்தில் நிற்க வேண்டும். ஒரு சீசனில் இரண்டு தடவை தவறினால் டீம் வெளியே. நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை தவறிவிட்டோம். அன்றைக்கு மேனேஜர் பத்மநாபன் ஊரில் இல்லை, யார் வீட்டிலோ வளைகாப்பு. இன்னொன்று தவறினால் மைதானம் கொலம்பியாக்காரர்களுக்கு. அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் வேலிக்கு வெளியே பந்தோடு நின்று எங்களைப் பார்த்துப் பிரியமாகச் சிரிப்பார்கள்.

பத்மநாபன் ஒரு அக்கவுண்டன்ட். வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை. பந்துதான் ஒரு தடவை அவரை உதைத்திருக்கிறது. அவருடைய நிர்வாகம் முழுவதும் இரண்டே காரியம். சனிக்கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஆட்டக்காரனை விட்டுவிட்டு அவன் சம்சாரத்திடம் பேசுவார். அடுத்து, பொய் சொல்வார். இரண்டு மணி ஆட்டத்தைப் பன்னிரண்டரை என்பார். பன்னிரண்டரை என்றால் நம் ஆட்கள் இரண்டுக்கு வந்து சேருவார்கள். கையில் கட்டியிருப்பது அமெரிக்கக் கடிகாரம், வீட்டை விட்டுக் கிளம்புவது ஊர்க் கணக்கு. அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பன்னிரண்டரைக்குத்தான் குளிக்கப் போவார்கள்.

இப்படிப் பிற்போக்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் உலகக் கோப்பை வந்தது. நம் ஆட்கள் அதை ஸ்பானிஷ் சேனலில் பார்த்தார்கள். ஒரு வார்த்தை புரியாமல் ஒரு மாதம் பார்த்ததில் கால்பந்து முழுவதும் புரிந்துவிட்டது. தலைவர் கஸ்தூரிரங்கன் தன் வீட்டு பேஸ்மென்டில் அவசரக் கூட்டம் போட்டார். முட்டி ஆபரேஷன் ஆனவர், ஆட முடியாது. ஆகவே தலைவர். பதினைந்து பேருக்கு முன்னால் மைக் வைத்துப் பேசினார்.

"ஐரோப்பால பெரிய பெரிய கிளப்லாம் என்ன பண்றா? பழைய ஸ்டார் பிளேயரை மேனேஜராப் போடறா! நம்மகிட்ட ஸ்டார் இல்லையா? இருக்கார்! எடிசன்ல இருக்கார்!"

எடிசன் என்ற பக்கத்து ஊரில் இருந்தவர் அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். பெயர் தேவதாஸ். ஒரு காலத்தில் மெட்ராஸில் ஒரு பேங்க் டீமுக்கு லெஃப்ட் அவுட். அறுபத்துநாலில் கல்கத்தா டீம் ஒன்றுக்கு எதிராக முப்பது கெஜத்திலிருந்து கோல் போட்டவர். இப்போது சோப்புக் கம்பெனியில் கெமிஸ்ட். சமோசா வருவதற்குள் அந்த முப்பது கெஜம் நாற்பதாகியிருந்தது.

நான் கையைத் தூக்கினேன். "ஏய்யா, இவரு சனிக்கிழமை போன் போடுவாரா?"

"அங்கிள், மேனேஜருக்கு வேண்டியது போன் இல்ல, விஷன்," என்றார் கஸ்தூரிரங்கன்.

"அதான் கண்ணாடி போட்டிருக்காரே. போன் போடுவாரான்னு கேட்டேன்."

"அப்பா, சும்மா இருங்கப்பா," என்றான் ஐசக்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பத்மநாபனுக்கு 'முதன்மை ஆலோசகர்' என்று பதவி உயர்வு. கேட்டால் ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது அந்தப் பதவியின் கடமை. கேட்காமல் இருப்பது மற்றவர்களின் கடமை.

நட்சத்திரம் உடனே வேலையில் இறங்கியது. முதல் பயிற்சியன்று டீமை வரிசையாக நிற்க வைத்து, அறுபத்துநாலாம் வருஷக் கோலை நடித்துக் காட்ட ஏற்பாடு செய்தார்.

"ஐசக், நீதான் கல்கத்தா கீப்பர். நான் அடிப்பேன். நீ வலது பக்கம் விழணும்."

ஓடி வந்து அடித்தார். பந்து யோசித்து யோசித்து உருண்டு ஐசக்கின் இடது கைப் பக்கம் வந்தது. அவன் குனிந்து எடுத்துவிட்டான். 

"என்ன பண்ற ஐசக்?"

"பிடிச்சேன் சார்."

"அவன் பிடிக்கலையே! ஹிஸ்டரிய மாத்தாத. திரும்ப."

அன்று முழுக்க ஐசக் வலது பக்கம் விழுந்தான். அடுத்த பயிற்சியிலும் விழுந்தான். அதற்கடுத்ததிலும். ராத்திரி யூனிஸ் அவன் வலது இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, "உங்க வேலை பந்தைப் பிடிக்கறதுன்னுல்ல நினைச்சேன்?" என்று கேட்டாள். பாவம், அவளுக்கும் கேம் தெரியாது.

அக்டோபரில் புது மேனேஜரின் முதல் லீக் ஆட்டம். முந்தின பயிற்சியில் யாரோ நேரம் கேட்க, பழக்கதோஷத்தில் பத்மநாபன், "பன்னிரண்டரை" என்றார்.

தேவதாஸ் அதிர்ந்து போனார். "ஆட்டம் ரெண்டு மணிக்கு. யாரை ஏமாத்தறீங்க பத்மநாபன்? நாம புரொஃபஷனல்ஸ். என் டீம்ல பொய் கிடையாது. ஆம்பளைங்க ஆடறதுக்கு வைஃபுக்கு போன் பண்றதும் கிடையாது!"

பலத்த கைதட்டல். பார்சிப்பனியில் முதன்முறையாக உண்மை பேசப்பட்டதில் பல பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்மநாபன் மட்டும் மெதுவாக, "சார், ரெண்டுன்னா இவா மூணே முக்காலுக்கு வருவா," என்றார்.

"உங்களுக்கு பிளேயர்ஸ் மேல நம்பிக்கை இல்ல. எனக்கு இருக்கு. நான் ஆடினவன். மெட்ராஸ்ல எனக்கு யார் போன் பண்ணாங்க? ஒரு மேட்ச்சுக்காவது லேட்டாப் போயிருக்கேனா?"

"அப்பம் எப்படிப் போனீரு?" என்று கேட்டேன்.

"பேங்க் வேன் வந்துடும் அங்கிள். ஒரு ஆள் வந்து கதவைத் தட்டுவான். ஷூ, ஜெர்ஸி எல்லாம் அவனே எடுத்து வச்சிருப்பான்."

"அந்த ஆளு பேரு என்ன?"

தேவதாஸ் பந்தைக் காலால் உருட்டினார். "ஞாபகம் இல்ல அங்கிள். ஆனா அந்தக் கோல் எனக்கு நேத்து போட்ட மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாங்கள் போனபோது மைதானத்தில் பத்மநாபன் ஒருவர்தான் இருந்தார். தன் பொய்யைத் தானே நம்பிப் பன்னிரண்டரைக்கே வந்திருந்தார். டெலிவிஷனில் பார்த்த மேனேஜர்களைப் போல தேவதாஸ் கோட்டு, டையோடு வந்து இறங்கினார். கஸ்தூரிரங்கன் கையில் பொன்னாடை. இடைவேளையில் மேனேஜருக்குப் போர்த்துவதாகத் திட்டம்.

இரண்டு மணிக்கு எங்கள் டீமில் ஆறு பேர். அந்த ஆறும் கல்யாணம் ஆகாதவர்கள், அல்லது ஐசக்கைப் போலக் காரில் அப்பாவை வைத்திருப்பவர்கள். எதிர் டீமில் பதினொரு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரி கடிகாரத்தைக் காட்டினார். வேலிக்கு வெளியே கொலம்பியாக்காரர்கள் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் டெலிவிஷன்தான்.

ஐசக் ஓடி வந்தான். "சார், நீங்க இறங்கிடுங்க சார். ஏழு ஆயிடும்."

"நானா? நான் மேனேஜர்."

"ஆட வேண்டாம் சார். சும்மா ஓரமா நின்னாப் போதும்."

தேவதாஸ் டையைச் சரி செய்துகொண்டார். "ஐசக், யோசிச்சுப் பாரு. இந்த ஊர்ல எல்லாரும் என்னை அந்தக் கோலை வச்சுத்தான் நினைக்கறாங்க. இன்னிக்கு இறங்கி, பந்து என் காலுக்கு அடியில போயிடுச்சுன்னா? இந்த கிளப்புக்கு அப்புறம் என்ன பெருமை மிச்சம்?"

"கிளப்பே மிச்சம் இருக்காதேய்யா!" என்றேன்.

"அங்கிள், உங்களுக்கு கேம் தெரியாது."

உண்மைதான். தெரியாது.

பத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். வராதவன் ஒருவனின் ஜெர்ஸியைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார். தொப்பையில் பாதிதான் ஜெர்ஸிக்குள் போயிற்று. ரெஃப்ரி விரலை நீட்டி எண்ணினார். ஏழில் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு விசில் அடித்தார். கொலம்பியாக்காரர்கள் லேஸை அவிழ்த்தார்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்மநாபன் கண்ணாடி இல்லாமல் ஒரு மூலையில் நின்று, பந்து எந்தப் பக்கம் என்று மற்றவர்கள் கத்துவதை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தார். ஐசக் தன் பயிற்சியின் முழுப் பலனையும் காட்டினான். பந்து எங்கே வந்தாலும் வலது பக்கம் விழுந்தான். மூன்றாவது கோலுக்குள் எதிராளிகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன் பிறகு எல்லாம் இடது பக்கம்தான். ஒன்பது பூஜ்யம். இடைவேளையில் பொன்னாடை போர்த்த முடியவில்லை, கை தட்ட ஆள் இல்லை.

மூன்றே முக்காலுக்கு மற்ற ஒன்பது பேரும் குடும்பத்தோடு, புளியோதரையோடு வந்து இறங்கி, "ஆரம்பிச்சுட்டாளா என்ன?" என்று ஆச்சரியப்பட்டார்கள். ஷூ மாட்டுவதற்குள் கடைசி விசில் கேட்டுவிட்டது.

கூட்டம் சேர்ந்ததும் கஸ்தூரிரங்கன் கார் பானெட்டில் கையை ஊன்றிப் பேசினார்.

"இன்னிக்கு நம்ம கிளப் லீக்ல இருக்குன்னா அதுக்கு ஒரே காரணம் நம்ம மேனேஜர்! ஏழே பேரை வச்சு ஒரு முழு டீமை சமாளிச்சார்! எந்தப் பதற்றமும் இல்லாம, டைகூடக் கலையாம! அவரை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நியமிக்கறோம். நம்ம ஆலோசகர் பத்மநாபன் வரம்பு மீறி கிரவுண்டுக்குள்ள இறங்கினதைக் கழகம் பெருந்தன்மையோட மன்னிக்கறது."

எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் ஒருவன் ரொம்ப பலமாகத் தட்டினான். திரும்பிப் பார்த்தேன். ஐசக். இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு தட்டினான்.

"அங்கிள், பெரியவா நீங்க. உங்க கையால போர்த்துங்கோ," என்று கஸ்தூரிரங்கன் பொன்னாடையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு நட்சத்திரத்தின் அருகில் போனேன். அவர் தலையை வாகாகக் குனிந்து கொடுத்தார்.

"அடுத்த ஞாயிறு ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி அங்கிள்," என்றார் தரையைப் பார்த்தபடியே. "நம்ம டீம்ல பொய் கிடையாது."

பொன்னாடையைத் தலைவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நடந்தேன். ஐசக் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

"அப்பா, என்னப்பா இது? போட்டோ எடுக்கப் போறாங்க. வாங்க."

"நீங்க எடுங்கலே."

"அவர் பெரிய பிளேயர்ப்பா. இருபத்திரண்டு வருஷமா ஒரு மேட்ச்சுலகூடத் தோத்ததில்ல."

"எப்படிலே தோப்பாரு? அதுக்குத்தான் உங்கள வச்சிருக்காருல்லா," என்றேன். அந்த ரோட்டில் நடைபாதை கிடையாது. வீடு எந்தப் பக்கம் என்றும் சரியாகத் தெரியாது. புல்லிலேயே நடந்தேன்.