ஆறுக்கு மேல் கேட்பவர் யார்?

"இன்னிக்கு ஒரு நாள், யார் எந்த நம்பரைச் சொன்னாலும் பல்லைக் கடிச்சுட்டு உட்காருங்க" என்றாள் மனைவி, சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றியபடி.

"நான் வேணும்னேவா செய்யறேன்? காதுல விழுந்ததும் வாய் தானா ஆரம்பிச்சுடுது" என்றார் ஏலக்காரர். ஏலக்கூடத்தில் மைக்கே தேவைப்படாத குரல் அவருடையது. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

"அந்தக் குரலைக் கூடத்துலயே வெச்சுக்குங்க. நம்ம பொண்ணு விரும்பின பையன். அவனோட அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகமாம். சம்மதம் சொல்ல வர்றவங்களை விரட்டிடாதீங்க."

பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பையனின் அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி தலையை மட்டும் அசைத்தார். முகம் கல்லாக இறுகியிருந்தது. அம்மாதான் பேசினாள்.

"பையனுக்கு இருபத்தெட்டு முடியுது."

"இருபத்தெட்டு! இருபத்தெட்டு ஒரு தரம்!"

மனைவி அவர் காலை மிதித்தாள். பேச்சை மாற்ற, "உங்க வீடு மாடியிலயா?" என்றாள்.

"ஆறாவது மாடி."

"ஆறு! ஆறுக்கு மேல கேக்கறவங்க யாரு? பின்வரிசை, தயங்காதீங்க!"

பின்னால் துணி அலமாரிதான் இருந்தது. பையனின் அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்க போய் காபி கலந்து எடுத்துட்டு வாங்க!" மனைவி அவரைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அந்த நிம்மதியில் நாக்கு வழுக்கியது. "உங்களுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

"ரெண்டு" என்றாள் பையனின் அம்மா.

"ரெண்டு ஒரு தரம்! ரெண்டு ரெண்டு தரம்!" கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது குரல். கரண்டி பாத்திரத்தில் 'டங்'கென்று இறங்கியது. "ரெண்டு மூணு தரம்!"

பையனின் அப்பா விருட்டென்று எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

"ஐயோ, மன்னிச்சுடுங்க..." மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுக்கும்மா மன்னிப்பு?" மகள் குறுக்கே வந்து நின்றாள். "என்னைப் படிக்க வெச்சதே அந்தக் குரல்தான். அதை அடக்கி வெச்சுத்தான் எனக்குக் கல்யாணம்னா, அந்தக் கல்யாணமே வேண்டாம்."

காபித் தட்டோடு வந்த ஏலக்காரர் அப்படியே நின்றார். கண் கலங்கியது. நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது.

"சின்னப் பொண்ணு, ஏதோ பேசறா. காபி தாமதமானதுக்குக் கோவிச்சுக்காம உட்காருங்க" என்று கெஞ்சினாள் மனைவி.

'தாமதம்' காதில் விழுந்ததும் வாசற்படியில் கால் வைத்தவர் சடாரென்று திரும்பினார். கைக்குட்டை பறந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! தாமதத்திற்கு வருந்துகிறோம்! இவ்வீட்டு மணமகள் இன்னும் சற்று நேரத்தில் நம் வீட்டின் முதலாவது நடைமேடைக்கு வந்து சேருவார்!"

"ஒண்ணு! ஒண்ணு ஒரு தரம்!" என்றார் ஏலக்காரர்.

பையனின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! வாயே திறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் இந்த மனுஷனைக் கூட்டிட்டு வந்தேன்!"